சுசுகியை வைத்துப் பழகுங்கள்: ஒரு வேதியியலாளரின் மேற்கோள் கணக்கை வாசிக்கும் முறை

பிஎச்டி-க்கு கைடு தேடும் மாணவர்கள் என்னிடம் காட்டுவது பெரும்பாலும் ஒரு ஸ்கிரீன்ஷாட். கூகுள் ஸ்காலர் பக்கம், ஓரத்தில் மொத்த மேற்கோள் எண்ணிக்கை (அவருடைய பேப்பர்களை மற்ற பேப்பர்கள் எத்தனை முறை சுட்டுகின்றன என்ற கணக்கு), அதற்குக் கீழே ஹெச்-இண்டெக்ஸ் (அந்த மேற்கோள்களிலிருந்து போடும் ஒற்றை எண், விளக்கம் பின்னால் வரும்). "இவருக்கு 48, அவருக்கு 31, யாரிடம் சேரலாம்?" என்று கேட்பார்கள். நாலைந்து வருட உழைப்பை எங்கே போடுவது என்பதை அந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போவது கரிம உலோக வேதியியலுக்கு, அதாவது கார்பனும் உலோகமும் நேரடியாகப் பிணைந்திருக்கும் சேர்மங்களைப் பற்றிய துறைக்கு. மற்ற துறைகளுக்கு இதில் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது.

கணக்குப் பாடத்தில் விடை தெரிந்த கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம் இல்லையா, அதே மாதிரி இங்கேயும் விடை தெரிந்த ஒருவரை எடுத்துக்கொண்டு பழகுங்கள். நான் சிபாரிசு செய்வது அகிரா சுசுகி. ஜப்பானில் ஹொக்கைடோ தீவின் முகாவா என்ற ஊரில் 1930-ல் பிறந்தவர், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் பிரவுனிடம் 1963 முதல் 1965 வரை போரான் வேதியியல் கற்றுக்கொண்டு திரும்பியவர், ஹொக்கைடோ பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராக இருந்து 1994-ல் ஓய்வு பெற்றவர். ரிச்சர்ட் ஹெக், எய்-இச்சி நெகிஷி இருவரோடும் சேர்ந்து 2010-ல் நோபல் பரிசு வாங்கினார். போரான் சேர்மத்தையும் கரிம ஹாலைடையும் (குளோரின், புரோமின், அயோடின் போன்றவை ஒட்டிய கரிமச் சேர்மம்) பல்லேடியம் வினையூக்கியால் இணைத்து புதிய கார்பன்–கார்பன் பிணைப்பை உண்டாக்கும் வினைக்கு சுசுகி–மியாவுரா வினை என்று பெயர். இவருடைய வேலை எவ்வளவு பெரியது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அதனால் எண்கள் எங்கே உண்மையைச் சொல்கின்றன, எங்கே நம்மைத் திசை திருப்புகின்றன என்று இவரை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

முதல் வேலை, ஆளைச் சரியாகப் பிடிப்பது. தேடல் பெட்டியில் 'ஏ. சுசுகி' என்று போட்டுப் பாருங்கள். ஜப்பானில் மிக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர்களில் சுசுகி ஒன்று, அகிரா என்பதும் சாதாரணமான பெயர். மருத்துவர், இயற்பியலாளர், பாலிமர் ஆராய்ச்சியாளர் என்று எல்லாரும் ஒரே பட்டியலில் வந்து நிற்பார்கள். இந்தக் கஷ்டம் நமக்குப் புதிதல்ல, 'எஸ். குமார்' என்று தேடினாலும் இதே கதைதான். அதுவும் நம் ஊர் இனிஷியலை ஒரு ஜர்னல் அப்படியே போடும், இன்னொன்று விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடும், மூன்றாவது இடத்தில் சொந்தப் பெயரே இனிஷியலாகச் சுருங்கிவிடும். ஒரே ஆள் தரவுத்தளத்தில் மூன்று பேராக உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரு மாணவி மலைத்துப்போய்க் காட்டிய ஒரு பேராசிரியரின் பக்கத்தில் உர ஆராய்ச்சியும் இதய நோய் ஆராய்ச்சியும் கலந்திருந்தன, தானாகச் சேர்ந்ததை யாரும் நீக்கவில்லை. வேறு ஆட்களின் பேப்பர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மொத்த எண்ணிக்கையில் பாதிக்குக் கீழேதான் மிஞ்சியது.

எனவே முதலில் ஆர்கிட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க எண் அது, 2012-ல் நடைமுறைக்கு வந்தது. சுசுகி மாதிரி அதற்கு முன்பே ஓய்வு பெற்றவர்களின் விஷயத்தில் அதை நம்பி உட்கார முடியாது. அப்போது மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பொருத்துங்கள்: வேலை பார்த்த நிறுவனம், வருடங்கள், கூட எழுதியவர்கள். ஹொக்கைடோ, 1960-களிலிருந்து 1990-கள் வரை, பக்கத்தில் நோரியோ மியாவுரா பெயர் என்றால் நம் சுசுகிதான்.

அப்புறம் பட்டியலை குறைந்தது இரண்டு இடங்களிலிருந்து எடுங்கள். கூகுள் ஸ்காலர் இலவசம், ஆனால் ஆய்வேடு, ஜர்னலில் வருமுன் போடும் முன்வரைவு, வகுப்புக் குறிப்பு என்று இணையத்தில் கிடைத்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும், அதனால் அதில் எண்கள் எப்போதும் கூடுதலாகவே இருக்கும். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஜர்னல்களை மட்டும் எண்ணுபவை, சந்தா வேண்டும், கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் ஓப்பன்அலெக்ஸ் இருக்கிறது, முழுவதும் இலவசம். எதைப் பயன்படுத்தினாலும் சரி, ஒருவரின் ஸ்காலர் எண்ணை இன்னொருவரின் ஸ்கோபஸ் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். நேர்முகத் தேர்வுகளிலேயே இந்தத் தவறு நடப்பதைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை.

இந்தத் துறைக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கேவாண்டே கெமி என்ற ஜர்மன் ஜர்னலில் கரிம உலோகக்காரர்களின் நல்ல வேலைகள் நிறைய வரும். அதற்கு 1962 முதல் தனியாக ஆங்கிலப் பதிப்பும் உண்டு. ஒரே கட்டுரை இரண்டு பதிப்பிலும் வரும், பக்க எண்கள் வேறு, டிஓஐ எண்ணும் (கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் நிரந்தர அடையாள எண்) வேறு. மேற்கோள் காட்டுபவர்களில் சிலர் ஆங்கிலப் பதிப்பை மட்டும் எழுதுவார்கள், சிலர் ஜர்மன் பதிப்பை, பலர் இரண்டையும். தரவுத்தளம் சரியாக இணைக்காவிட்டால் ஒரே பேப்பர் இரண்டாகத் தெரியும், மேற்கோளும் சிதறியோ இரட்டித்தோ போகும். பட்டியலில் ஒரே தலைப்பு அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

இப்போது பட்டியலை மேற்கோள் வரிசையில் அடுக்குங்கள். சுசுகிக்கு மேலே வந்து நிற்பது 1995-ல் கெமிக்கல் ரிவ்யூஸில் மியாவுராவும் அவரும் எழுதிய கட்டுரை, பல ஆயிரம் மேற்கோள்கள். அது ஒரு ரிவ்யூ, அதாவது அதுவரை நடந்ததைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரை. வினை முதன்முதலில் வெளிவந்தது 1979-ல், டெட்ராஹெட்ரான் லெட்டர்ஸிலும் லண்டன் கெமிக்கல் சொசைட்டியின் கெமிக்கல் கம்யூனிகேஷன்ஸிலும் வந்த சின்னச் சின்னப் பேப்பர்களில். இன்று ஆய்வகங்களில் அதிகம் நடப்பது இரண்டு பென்சீன் வளையங்களை ஒட்டும் வேலை, அதற்கு அடித்தளம் 1981-ல் சிந்தெடிக் கம்யூனிகேஷன்ஸில் வந்த ஏழு பக்கக் கட்டுரை. இவை ரிவ்யூவுக்கு வெகு தூரம் பின்னால்தான் நிற்கும். காரணம் எளிது: அவசரத்தில் முன்னுரை எழுதுபவர் மூன்று பேப்பரைத் தேடி எடுப்பதைவிட ஒரு ரிவ்யூவைக் காட்டிவிட்டுப் போவது சுலபம்.

ஆகவே பட்டியலில் ரிவ்யூக்களுக்கு ஒரு நிறமும் அசல் ஆய்வுகளுக்கு ஒரு நிறமும் பூசுங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை, எக்செலில் உண்மையாகவே பூசிப் பாருங்கள். ஒருவரின் முதல் பத்து பேப்பர்களில் எட்டு ரிவ்யூ என்றால் அவர் நன்றாகத் தொகுப்பவர் என்பது தெரியும், புதிதாக என்ன செய்தார் என்பதை இன்னும் தேட வேண்டியிருக்கும். அதற்காக எல்லா ரிவ்யூவையும் தள்ளிவிடாதீர்கள். டுபாண்ட் கம்பெனியில் வேலை பார்த்த சாட்விக் டோல்மன் 1977-ல் கெமிக்கல் ரிவ்யூஸில் எழுதிய கட்டுரையை எடுத்துப் படியுங்கள். ஒரு பாஸ்பீன் லிகண்ட் (உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் பாஸ்பரஸ் சேர்மம்) அந்த உலோகத்தைச் சுற்றி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைக் கூம்பின் கோணமாக அளந்து, அதன் எலக்ட்ரான் கொடுக்கும் திறனை நிக்கல் கார்போனைலின் அகச்சிவப்பு நிறமாலையிலிருந்து எண்ணாக எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒரே இடத்தில் வைத்த கட்டுரை அது. வகை ரிவ்யூதான், ஆனால் இன்றைக்கும் லிகண்ட் வடிவமைப்பவர்கள் கையில் எடுத்து வேலை பார்க்கிற கருவி. பெயரைப் பார்த்து முடிவு கட்டாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள்.

பெயர் வரிசையையும் படிக்கத் தெரிய வேண்டும். வேதியியலில் பொதுவாக முதல் பெயர் கையால் வேலை செய்த மாணவர், கடைசிப் பெயர் கைடு, நட்சத்திரக் குறி அந்தப் பேப்பருக்குப் பொறுப்பேற்று, அதைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்பவருக்கு. 1979, 1981, 1995 எல்லாவற்றிலும் முதல் பெயர் மியாவுரா. அந்த வினைக்கு இரண்டு பெயரும் சேர்த்து வைத்திருப்பது நியாயம் என்பது இதைப் பார்த்தாலே புரியும், வெறும் 'சுசுகி வினை' என்று சொல்லிப் பழகியவர்கள் மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு விஷயம், கரிம உலோகச் சேர்மம் ஒன்றைச் செய்தால் அதன் அமைப்பை எக்ஸ்-கதிர் படிகவியலால் நிரூபிப்பது வழக்கம். அதனால் நல்ல படிகவியலாளர் ஒருவர் நூற்றுக்கணக்கான பேப்பர்களில் நடுப் பெயராக வருவார். அது உழைத்துச் சம்பாதித்த இடம்தான், ஆனால் அவருடைய பட்டியலின் நீளத்தைத் தனியாக வினை கண்டுபிடிக்கும் ஒருவரின் பட்டியலோடு வைத்து அளக்கக் கூடாது. எதிர்ப்பக்க உதாரணம் வேண்டுமென்றால் ஹெக். ஹெர்குலிஸ் கம்பெனியில் இருந்தபோது 1968-ல் அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டியின் முதன்மை ஜர்னலில் ஏழு பேப்பர்கள் அடுத்தடுத்து வந்தன, ஏழிலும் ஒரே பெயர், அவருடையது மட்டும்.

சரி, ஹெச்-இண்டெக்ஸுக்கு வருவோம். 2005-ல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. பேப்பர்களை மேற்கோள் இறங்குவரிசையில் அடுக்கி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வாருங்கள், வரிசை எண்ணைவிட மேற்கோள் குறையும் இடத்துக்கு முந்தைய எண்தான் விடை. ஒருவருக்கு 40, 22, 9, 6, 5, 2 என்று மேற்கோள்கள் இருந்தால் ஹெச் 5. இன்னொருவருக்கு 900, 300, 7, 6, 5, 2 என்று இருந்தாலும் ஹெச் 5-தான்! முதல் ஆள் ஒழுங்காக வேலை செய்பவர், இரண்டாவது ஆள் ஒரு துறையையே திருப்பியிருக்கலாம், எண் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறது. அதோடு இந்த எண் வயதோடு ஏறுமே தவிர இறங்காது. பதினைந்து வருட அனுபவக்காரரையும் நாற்பது வருட அனுபவக்காரரையும் இதை வைத்து ஒப்பிடுவது தென்னங்கன்றையும் காய்க்கிற மரத்தையும் உயரத்தால் ஒப்பிடுகிற மாதிரி. பார்த்தே ஆக வேண்டும் என்றால் கடைசி ஐந்து வருட எண்ணைத் தனியாகப் பாருங்கள், அவர் ஆய்வகம் இப்போது உயிரோடு இருக்கிறதா என்பதாவது தெரியும். ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரை, அதாவது அதில் அண்மையில் வந்த கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோளை, ஒரு மனிதரின் மதிப்பாக எடுத்துக்கொள்வதைப் பற்றி ஒரே வரி போதும்: செய்யாதீர்கள்.

ஏன் என்பதற்கு இந்தத் துறையிலேயே கண்ணைத் திறக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. படிக அமைப்பைக் கணக்கிட உலகம் முழுக்கப் பயன்படும் ஷெல்எக்ஸ் மென்பொருளை எழுதியவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஷெல்ட்ரிக். அதன் வரலாற்றை 2008-ல் ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ பிரிவில் ஒரு கட்டுரையாக எழுதினார், மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இதை மேற்கோள் காட்டலாம் என்றும் அதிலேயே சொல்லியிருந்தார். அதுவரை 2 அளவில் இருந்த அந்த ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர் 2009-ல் 49.926 ஆனது. ஒரே ஒரு கட்டுரை! அந்த வருடம் அதில் வெளியிட்ட மற்றவர்களின் வேலை ஒரே இரவில் இருபத்தைந்து மடங்கு உயர்ந்துவிடவில்லை. கரிம உலோகப் பேப்பர் எதையாவது எடுத்து அடியில் பாருங்கள், படிக அமைப்பு இருந்தால் ஷெல்ட்ரிக் பெயர் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். மென்பொருளுக்கும் முறைகளுக்கும் கிடைக்கும் மேற்கோள் தனி இனம், அதைத் தனியாக வையுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் பட்டியலைச் சுத்தம் செய்யும் வேலை. அசல் வேலை இனிமேல்தான், பலரும் செய்யாமல் விடுவதும் இதைத்தான்: மேற்கோள் காட்டியவர்களின் பேப்பர்களைத் திறந்து படிப்பது. எல்லாவற்றையும் படிக்க முடியாது, ஒரு பேப்பருக்கு இருபது போதும், பழையது ஏழு, நடுவில் ஏழு, புதியது ஆறு என்று கலந்து எடுங்கள். ஒவ்வொன்றிலும் நம் ஆள் எந்த வாக்கியத்தில் வருகிறார் என்று தேடுங்கள். முன்னுரையில் பதினைந்து பேரோடு ஒரே அடைப்புக்குறிக்குள் அடைந்து கிடக்கிறாரா? அது ஒரு வணக்கம் மட்டும்தான். "இந்தச் சேர்மத்தை இன்னார் முறையில் தயாரித்தோம்" என்று செய்முறைப் பகுதியில் வருகிறாரா? அப்படியானால் யாரோ வேறு நாட்டில், வேறு பாட்டிலிலிருந்து எடுத்த வேதிப்பொருளை வைத்து அதைத் திரும்பச் செய்து பார்த்து, அது நடந்திருக்கிறது. கரிம உலோக வேதியியலில் இதன் மதிப்பு பெரியது, ஏனென்றால் கொஞ்சம் காற்றும் ஈரமும் பட்டாலே கெட்டுப்போகும் சேர்மங்கள் இவற்றில் நிறைய, ஒரு ஆய்வகத்தில் வந்த விளைச்சல் அடுத்த ஆய்வகத்தில் வராமல் போவது சாதாரணம். முடிவுகளை விவாதிக்கும் இடத்தில் "இன்னார் சொன்ன வினைவழிமுறைக்கு மாறாக" என்று வருகிறாரா? அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அது கெட்ட செய்தி என்று அவசரப்பட வேண்டாம்.

ஃபெரோசீன் கதை தெரியும்தானே? 1951-ல் நேச்சரில் கீலியும் பாசனும் ஒரு புது இரும்புச் சேர்மத்தை அறிவித்தார்கள். ஃபல்வலீன் என்ற ஹைட்ரோகார்பனைச் செய்யப் போய் எதிர்பாராமல் கிடைத்த ஆரஞ்சு நிறப் பொடி அது. அமைப்பு என்று அவர்கள் வரைந்த படம் தவறு. அடுத்த வருடமே வில்கின்சன், உட்வர்டு குழுவினர் ஒரு பக்கமும் ம்யூனிக்கில் எர்ன்ஸ்ட் ஓட்டோ ஃபிஷர் இன்னொரு பக்கமும் இரண்டு வளையங்களுக்கு நடுவே இரும்பு உட்கார்ந்திருக்கும் அமைப்பைச் சொன்னார்கள், வில்கின்சனுக்கும் ஃபிஷருக்கும் 1973-ல் நோபல் கிடைத்தது. தவறான படம் போட்ட அந்த முதல் பேப்பர் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது, காட்டப்படவும் வேண்டும், சேர்மம் உண்மை, துறையையே அதுதான் திறந்துவிட்டது. எனவே மேற்கோள் எண்ணிக்கை ஒரு பேப்பர் சரியா தவறா என்பதைச் சொல்லாது, பலர் அந்த வழியாகப் போனார்கள் என்பதை மட்டும் சொல்லும்.

கணக்கில் வராமல் போகும் மேற்கோள்களையும் தேடுங்கள். லிகண்ட் தயாரிப்பு, தொடக்கச் சேர்மங்களின் தயாரிப்பு எல்லாம் இப்போது பேப்பரோடு தனியாக இணைக்கும் துணைத் தகவல் கோப்பில் போய்விட்டன, அங்கே மட்டும் காட்டப்படும் மேற்கோள்களை தரவுத்தளங்கள் பொதுவாக எண்ணுவதில்லை. நல்ல லிகண்டை உருவாக்கி எல்லாருக்கும் பயன்படச் செய்தவருக்கு இதனால் நேரும் நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. இன்னும் புகழ் கூடினால் மேற்கோளே நின்றுவிடும். கார்பன்–மெக்னீசியம் சேர்மத்தை வைத்து கிரிக்னார்டு வினை செய்பவர் யார் 1900-ம் வருட பிரெஞ்சுப் பேப்பரைக் காட்டுகிறார்? சுசுகி வினையே அந்த நிலைக்கு வந்துவிட்டது, "சுசுகி இணைப்பின் மூலம்" என்று எழுதிவிட்டு அடிக்குறிப்பில்லாமல் நகர்ந்துவிடுகிறார்கள். அதனால் பெயரை முழு உரையில் தேடுங்கள், மேற்கோள் பட்டியலில் மட்டும் தேடாதீர்கள்.

பேப்பருக்கு வெளியேயும் பாருங்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவில் இருக்கும் லோசார்டன், அந்த ரத்த அழுத்த மருந்தின் மெர்க் கம்பெனித் தயாரிப்பு முறையில் இரண்டு வளையங்களை ஒட்டியது சுசுகி–மியாவுரா வினை. திராட்சைத் தோட்டங்களில் தெளிக்கும் பாஸ்காலிட் என்ற பூஞ்சைக்கொல்லியை பிஏஎஸ்எஃப் தயாரிப்பதும் அதே வழியில். மருந்துத் தொழிற்சாலையில் டன் கணக்கில் ஓடும் வினைக்கு அங்கே யாரும் மேற்கோள் எழுதுவதில்லை. காப்புரிமைகளைத் தேட கூகுள் பேட்டன்ட்ஸ் போதும், வினையின் பெயரைப் போட்டுத் தேடினால் இந்தப் பக்கம் கொஞ்சம் வெளிச்சமாகும்.

காலத்தையும் கணக்கில் எடுங்கள், ஒவ்வொரு முக்கியப் பேப்பருக்கும் வருடவாரி மேற்கோள் வரைபடத்தைத் திறந்து பார்த்தால் அதன் வடிவம் நிறையச் சொல்லும். இரண்டு வருடம் ஏறி அப்படியே படுத்துவிட்டால் அந்தச் சமயத்துப் பேச்சு. மெதுவாக ஏறிக்கொண்டே போனால் மற்றவர்கள் அதன் மேல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சில நல்ல வேலைகள் பல வருடம் தூங்கும். பிரெஞ்சு பெட்ரோலியம் ஆய்வு நிறுவனத்தின் ஈவ் ஷோவானும் அவர் மாணவர் எரிசோனும் ஒலிஃபின் மெட்டாதிசிஸ் வினை (இரட்டைப் பிணைப்புள்ள இரண்டு மூலக்கூறுகள் தங்கள் பாதிகளை மாற்றிக்கொள்வது) எப்படி நடக்கிறது என்ற சரியான விளக்கத்தை 1971-ல் ஒரு பாலிமர் ஜர்னலில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்கள். அதற்கான நோபல், கிரப்ஸ், ஷ்ராக் இருவரோடும் சேர்த்து, ஷோவானுக்கு வந்தது 2005-ல். அதே 1971-ல் ஜப்பானியக் கெமிக்கல் சொசைட்டியின் இதழில் சுடோமு மிசோரோகி வெளியிட்ட பல்லேடியம் வினைதான் அடுத்த வருடம் ஹெக்கும் தனியே கண்டு சொன்னது. மிசோரோகி 1980-லேயே இறந்துவிட்டார். பெயரும் மேற்கோளும் பெரும்பாலும் ஹெக் பக்கமே போயின. எந்த மொழி, எந்த ஜர்னல், எவ்வளவு நாள் உயிரோடு இருந்து தொடர்ந்து எழுதினார் என்பதெல்லாம் எண்ணுக்குள்ளே ஒளிந்திருக்கும்.

இவ்வளவும் செய்து முடித்ததும் எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு பத்தி எழுதுங்கள். சுசுகிக்கு நான் எழுதினால் இப்படி வரும்: போரான்–கார்பன் பிணைப்பில் முனைவுத்தன்மை குறைவு என்பதால் கார்பன் தானாகப் பல்லேடியத்துக்கு மாறாது, காரம் ஒன்றைச் சேர்த்தால் மாறும் என்பதை 1979-ல் மியாவுராவோடு காட்டினார், 1981-ல் அதை பென்சீன் வளையங்களுக்கு நீட்டினார், இதில் பயன்படும் போரான் சேர்மங்களான போரானிக் அமிலங்கள் காற்றையும் நீரையும் தாங்குபவை, நச்சு குறைந்தவை என்பதால் மற்ற குழுக்கள் எளிதாக எடுத்துக்கொண்டன, அதிக மேற்கோள் 1995 ரிவ்யூவுக்கு, ஆனால் உண்மையான தாக்கம் செய்முறைப் பகுதிகளிலும் மருந்துத் தயாரிப்பிலும். நீங்கள் சேர நினைக்கும் கைடுக்கும் இதே மாதிரி நாலு வரி எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அவரிடமே போய் "உங்கள் வேலையில் மற்றவர்கள் அதிகம் பயன்படுத்துவது எது சார்?" என்று கேளுங்கள். நல்ல வேதியியலாளர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, பெரும்பாலும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

எழுதி முடித்த பத்திக்குக் கீழே எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதியில் பார்த்தது என்று மறக்காமல் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் திறந்தால் எண் மாறியிருக்கும்.